தேனீக்களின் வீட்டுக்குக் கூரை அமைத்த ஆசான்

லொறென்சோ லொறெய்ன் லாங்ஸ்ரொத் (1810 – 1895)

ரொறன்ரோ மாநகரின் எல்லையைக் கடந்து வடக்கே சிற்றூர்களின் பக்கமாகச் செல்வோர், கார்த்திகை மாதத்துக்குப் பின்னர், வயலோரங்களிலே கரிய தாளினாற் போர்த்தப்பட்ட பெட்டிகள் வரிசையாக நிற்பதைக் கண்டிருப்பர். அவை தேனீப் பெட்டிகள். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக்கு இறங்கும் நாளிலும், அப்பெட்டி ஒவ்வொன்றினுள்ளும் பல்லாயிரம் தேனீக்கள் உயிரோடு இருக்கின்றன. அவை குளிர்கால உறக்கத்தில் ஆழ்வதுமில்லை, வேறு நாட்டுக்குப் பறந்து செல்வதுமில்லை. கோடையிலே சேர்த்த தேனை உண்டு, ஒன்றையொன்று அணைத்து, வசந்தம் வரும்வரை காத்திருக்கின்றன. வெப்ப நாட்டிலே பிறந்து இக்குளிர் நாட்டுக்கு வந்து சேர்ந்த நமக்கு, அவை எவ்வாறு பிழைக்கின்றன என்று அறியும் ஆவல் எழுவது இயல்பே.

அப்பெட்டியை இன்றைய வடிவில் உலகுக்கு அளித்தவர் லொறென்சோ லொறெய்ன் லாங்ஸ்ரொத் என்னும் அமெரிக்கர். அவர் பொறியியலாளர் அல்லர், தச்சரும் அல்லர். ஒரு போதகர், அதனினும் நெடுங்காலம் ஒரு பள்ளி ஆசிரியர். வாழ்நாள் முழுவதும் கொடிய மனச்சோர்வு நோயினால் வருந்தியவர். தமது கண்டுபிடிப்பினாற் செல்வம் எதனையும் அடையாதவர். அவரது வரலாற்றை இவ்வாண்டு மலரிலே சுருக்கமாகக் கூற விழைகின்றோம். பெட்டியின் மூடியைப் பற்றியும், குளிர்காலத்திலே அதனுள் காற்று நடமாட வேண்டிய முறையைப் பற்றியும் இடையிடையே சற்று விரிவாகவே சொல்ல நேரும். அவரது பெருங்கண்டுபிடிப்புப் பிறந்த இடமே ஒரு மூடியின் அடிப்புறம் என்பதே அதற்குக் காரணம்.

இளமையும் கல்வியும்

லாங்ஸ்ரொத் 1810ஆம் ஆண்டு மார்கழி மாதம் 25ஆம் நாள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே பிறந்தார். சிறு பராயத்திலேயே பூச்சிகளின்மீது அவருக்கு அளவற்ற ஈடுபாடு இருந்தது. தெருவோரத்திலே முழந்தாளிட்டு எறும்புகளின் போக்குவரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் அவரது காற்சட்டைகள் முழங்காலிலே தேய்ந்து கிழிவது வழக்கமாயிற்று. பெற்றோர் இதனை விரும்பவில்லை. அக்காலத்துப் பாடசாலைகளிலும் இத்தகைய ஆர்வத்துக்கு இடமிருக்கவில்லை. நூல்களைக் கற்பதே கல்வி என்றும், எறும்பைப் பார்ப்பது பொழுதை வீணாக்குவது என்றும் பெரியோர் எண்ணினர்.

பின்னர் அவர் புகழ்பெற்ற யேல் கல்லூரியிற் பயின்று 1831இற் பட்டம் பெற்றார். அதே கல்லூரியிற் சிறிது காலம் கணித ஆசிரியராகவும் பணிபுரிந்தார். 1836இல் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் அன்டோவர் என்னும் ஊரிலே திருச்சபைப் போதகரானார். அவ்வாண்டிலேயே அன்னா ரக்கர் என்னும் பெண்மணியை மணந்தார். இளமையிற் கண்ட எறும்புகளை அவர் ஏறக்குறைய மறந்தே போயிருந்தார் எனலாம்.

கண்ணாடிக் குடுவையிலே ஒளிர்ந்த தேன்

1838ஆம் ஆண்டிலே ஒருநாள் நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு அவர் சென்றிருந்தார். வரவேற்பறை மேசைமீது பெரியதொரு கண்ணாடிக் குடுவை இருந்தது. அதனுள்ளே தேனீக்கள் கட்டிய வெண்ணிற அடைகள் தேன் நிரம்பி ஒளிர்ந்தன. நண்பர் அவரை மாடியறைக்கு அழைத்துச் சென்று தேனீக் கூடுகளைக் காட்டினார். உறங்கிக் கிடந்த சிறுவயது ஆவல் மீண்டும் விழித்தது. அன்று வீடு திரும்புமுன்பே இரண்டு கூடுகளை அவர் வாங்கிவிட்டார்.

அவ்வாண்டிலேயே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. உடலும் மனமும் ஒருங்கே தளர்ந்தமையால் அவர் போதகர் பணியிலிருந்து விலக நேர்ந்தது. அதன்பின் பெண்கள் பாடசாலைகளின் அதிபராகப் பணியாற்றினார். இடையே கிரீன்ஃபீல்ட் என்னும் ஊரிலே மீண்டும் போதகராக இருந்தார். 1848இற் பிலடெல்பியாவுக்குத் திரும்பி அங்கே பெண்களுக்கான பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். பணி மாறினாலும் ஊர் மாறினாலும், அவர் சென்ற இடமெல்லாம் தேனீக் கூடுகளும் உடன் சென்றன. நோய் தணிந்த நாள்களில், திறந்த வெளியில் தேனீக்களோடு இருப்பதே அவருக்கு மருந்தாயிற்று.

அந்நாளைய கூடுகளும் அவற்றின் குறையும்

அக்காலத்திலே தேனீ வளர்ப்போர் வைக்கோலாற் பின்னிய கூடைகளையும், வெறும் மரப்பெட்டிகளையும், குடைந்த மரக்குற்றிகளையும் பயன்படுத்தினர். தேனீக்கள் தம் அடைகளைக் கூரையோடும் சுவரோடும் ஒட்டிக் கட்டிவிடும். தேனை எடுப்பதாயின் அடைகளை வெட்டியே எடுத்தல் வேண்டும். அதற்காகக் கந்தகப் புகையிட்டுக் கூட்டம் முழுவதையும் கொன்றுவிடுவதும் வழக்கத்தில் இருந்தது. ஆண்டு முழுவதும் உழைத்த உயிர்களை அவ்வுழைப்பின் பயனுக்காகவே அழிக்கும் கொடுமையாக அது இருந்தது. நமது வன்னிக் காடுகளிலும் மரப்பொந்துகளிலிருந்து தேன் எடுத்தோர் அடையை வெட்டியே எடுத்தனர் என்பதை முதியோர் அறிவர்.

இக்கொடுமைக்கு மாற்றுத் தேடியவர்கள் லாங்ஸ்ரொத்துக்கு முன்னரும் இருந்தனர். அவர்களுள் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர் சுவிற்சலாந்தின் ஜெனீவா நகரைச் சேர்ந்த பிரான்சுவா ஹூபர் என்பவர் (1750 – 1831). இளமையிலேயே பார்வையை இழந்த அவர், பர்னன்ஸ் என்னும் தம் பணியாளரின் கண்களைக்கொண்டு தேனீக்களை ஆராய்ந்தார். புத்தகத்தின் ஏடுகளைப் போலத் திறக்கத்தக்க கூடு ஒன்றையும் அமைத்தார். கூட்டின் வாயிலில் தேனீக்கள் வரிசையாக நின்று சிறகசைத்து உள்ளேயுள்ள கெட்ட காற்றை வெளியேற்றித் தூய காற்றை உட்செலுத்துகின்றன என்பதை ஆராய்ந்து விளக்கியவரும் அவரே. ஹூபரின் நூலை லாங்ஸ்ரொத் ஆழ்ந்து பயின்றார். தேனீக் கூட்டை வெறும் பெட்டியாகக் கருதாது, மூச்சு விடும் வீடாக நோக்கும் பார்வை அவருக்கு அங்கிருந்தே கிடைத்தது.

மூடியிற் பிறந்த கண்டுபிடிப்பு

1851ஆம் ஆண்டளவில் லாங்ஸ்ரொத் மேற்சட்டப் பெட்டிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்பெட்டியிலே மேற்புறமாகச் சில மரச் சட்டங்கள் குறுக்கே கிடக்கும். தேனீக்கள் அவற்றிலிருந்து அடைகளைத் தொங்கக் கட்டும். சட்டங்களின்மீது மூடி அமர்ந்திருக்கும். இங்கேதான் தொல்லை எழுந்தது. தேனீக்கள் மரங்களிலிருந்து பிசினைச் சேகரித்து வந்து, கூட்டிலுள்ள சிறு வெடிப்புகளையெல்லாம் அடைத்துவிடும். மூடிக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய சந்தும் அவ்வாறே அடைபடும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் நெம்பிப் பிளக்க வேண்டியிருந்தது. அந்த அதிர்ச்சியினால் அடைகள் முறிந்தன, தேனீக்கள் சினந்தெழுந்தன.

லாங்ஸ்ரொத் செய்தது மிக எளிய செயல். சட்டங்கள் அமரும் தவாளிப்பைச் சற்று ஆழமாக்கினார். அதனால் சட்டங்களின் மேற்பக்கத்துக்கும் மூடிக்கும் இடையே ஓர் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி உண்டாயிற்று. அவ்விடைவெளியைத் தேனீக்கள் பிசினால் அடைக்கவுமில்லை. அதிலே அடை கட்டவுமில்லை. தாம் நடந்து செல்லும் பாதையாக அதனை விட்டுவைத்தன. மூடி தடையின்றித் திறந்தது.

ஆயினும் அடைகளின் பக்கங்கள் சுவரோடு ஒட்டியே இருந்தன. அவற்றைக் கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. 1851ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் 30ஆம் நாள் மாலை, தேனீக்களைப் பார்வையிட்டு வீடு திரும்பும் வழியிலே அவர் சிந்தனையில் ஆழ்ந்திருந்தார். மூடிக்குக் கீழே விட்ட அதே இடைவெளியைச் சுவரோரத்திலும் விட்டால் என்ன என்னும் எண்ணம் திடீரென உதித்தது. அடையை நாற்புறமும் சூழும் முழுச் சட்டம் ஒன்றைச் செய்து, அது சுவரையோ அடித்தளத்தையோ மூடியையோ தொடாமல் எங்கும் அவ்வளவு இடைவெளியோடு தொங்குமாறு அமைத்தால், ஒவ்வொரு சட்டத்தையும் நூலகத்திலே நூலை எடுப்பதுபோல் எடுத்துப் பார்த்து மீண்டும் வைக்கலாம். தெருவென்றும் பாராமல் மகிழ்ச்சியாற் கூவிவிடும் நிலைக்குத் தாம் வந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

அவ்விடைவெளி இன்று தேனீ இடைவெளி என வழங்கப்படுகின்றது. ஏறத்தாழ ஆறு முதல் ஒன்பது மில்லிமீற்றர் வரை அது அமையும். அதனிற் குறைந்தாற் பிசின் வரும். அதனிற் கூடினால் அடை வரும். தேனீக்கள் எக்காலமும் கடைப்பிடித்து வந்த அளவு அது. அதனை ஒரு பெட்டியின் எல்லாப் பக்கங்களுக்கும் உரிய விதியாகக் கொண்டதே லாங்ஸ்ரொத்தின் பெருமை.

பிலடெல்பியாவில் ஹென்றி பூர்க்கன் என்னும் தச்சர், தாமும் தேனீ வளர்ப்பவராக இருந்தமையால், இக்கருத்தின் பயனை உடனே உணர்ந்து பெட்டிகளைச் செய்து கொடுத்தார். 1852ஆம் ஆண்டு ஐப்பசி 5ஆம் நாள் அமெரிக்க அரசு 9300ஆம் இலக்கக் காப்புரிமையை லாங்ஸ்ரொத்துக்கு வழங்கியது. 1853இல் அவரது நூல் வெளிவந்தது. தேனீ வளர்ப்பிலே அந்நூலைப்போல் நெடுங்காலம் பயிலப்பட்ட நூல்கள் மிகச் சிலவே.

நடுநிலை கருதி ஒன்று கூறல் வேண்டும். உக்ரேனில் புறொக்கொபோவிச், சிலேசியாவில் சியெர்சோன், ஜெர்மனியில் பெர்லெப்ஷ் ஆகியோரும் ஏறத்தாழ அந்நூற்றாண்டின் முற்பாதியிலும் நடுவிலும் அசையும் அடைகளைக்கொண்ட கூடுகளை அமைத்தவர்களே. ஆனால் அவர்களின் கூடுகள் பெரும்பாலும் அலுமாரியைப் போலப் பக்கத்திலே திறப்பவை. லாங்ஸ்ரொத்தின் பெட்டி மேலிருந்து திறப்பது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத்தக்கது. அதனாலேயே அது உலகெங்கும் பரவியது.

குளிர்காலத்தின் உண்மைப் பகைவன்

இவ்விடத்திலே குளிர்காலத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவோம்.

வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் தேனீக்கள் பந்துபோலத் திரளும். சிறகை அசைக்காமல், பறத்தற்குரிய தசைகளை மாத்திரம் நடுங்கச் செய்து வெப்பத்தை உண்டாக்கும். புறத்தே உள்ளவை தலையை உள்நோக்கி வைத்துப் போர்வையாக நிற்கும். திரளின் நடுவிலே புழுக்கள் வளருமாயின் அங்கு வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகையாக இருக்கும். கோடையிற் பிறந்த வேலைத் தேனீ ஆறு வாரமளவில் இறந்துவிடும். குளிர்காலத்துக்கென இலையுதிர் காலத்திற் பிறந்தவையோ ஆறு மாதம்வரை வாழும்.

இத்தனைக்கும் எரிபொருள் தேன். ஒன்ராறியோவில் ஒரு கூட்டுக்குக் குளிர்கால உணவாக முப்பது கிலோ அளவு தேவைப்படும். தேன் உடலில் எரியும்போது நீராவி உண்டாகும். தேனிலேயே ஓரளவு நீரும் உண்டு. இரண்டையும் கூட்டினால், ஒரு கிலோ தேனிலிருந்து ஏறத்தாழ மூன்றில் இரண்டு கிலோ நீர் பிறக்கும். இருபது கிலோ தேனை உண்டு முடிக்கும் கூட்டம் பதின்மூன்று கிலோ நீரை மூச்சாக விடுகின்றது என்றால், நம் மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அந்த ஈரக் காற்று எங்கே போகும்? வெப்பமானது ஆதலால் மேலே எழும். மேலே மூடி இருக்கின்றது. மூடி மெல்லிய பலகையாயின் அது வெளிக் குளிரால் உறைந்திருக்கும். குளிர்ந்த மூடியிற் பட்ட ஈரம் துளியாகிச் சில வேளை பனிக்கட்டியாகவும் படியும். வெயில் பட்டதும் அது உருகித் திரளின்மீது சொட்டும். வறண்ட குளிரைத் தாங்க வல்ல தேனீ, நனைந்தபின் தாங்க மாட்டாது. நல்ல தேன் இருக்க, இறந்து கிடக்கும் கூட்டங்களுட் பல ஈரத்தினால் இறந்தவையே. அவற்றைக் குளிரிலிருந்து காக்க எண்ணி, ஒரு துளையும் இல்லாமல் இறுக மூடியவர்கள் அவற்றின் அழிவுக்கு வழி செய்தனர்.

லாங்ஸ்ரொத் இதனை நன்கு அறிந்திருந்தார். தமது நூலிலே காற்றோட்டத்துக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கினார். திறந்த வெளியிற் குளிர்காலத்தைக் கழிக்கும் கூடுகளுக்கு ஈரம் மேல்வழியாக வெளியேற இடம் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவரது பெட்டியிலே சட்டங்களுக்கு மேலே துளைகள் கொண்ட பலகை ஒன்று இருந்தது. கோடையில் அத்துளைகள் வழியாகத் தேனீக்கள் மேலே சென்று மிகைத் தேனைச் சேர்க்கும். குளிர்காலத்தில் அத்துளைகளே ஈரத்துக்கு வாயில்களாகும்.

இன்று இங்குள்ள தேனீ வளர்ப்போர் மூடியை இரு பகுதியாகச் செய்கின்றனர். உள்மூடி என்பது மெல்லிய பலகை. அதன் ஓரங்களைச் சுற்றி ஒரு சென்ரிமீற்றர் அளவு உயர்ந்த விளிம்பு இருக்கும். அதனால் சட்டங்களுக்கு மேலே தேனீ இடைவெளி காக்கப்படும். நடுவிலே நீள்வட்டத் துளை ஒன்று உண்டு. விளிம்பின் முன்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு இடுவர், அதுவே மேல்வாயில். வெளிமூடியோ பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக, தொப்பிபோலக் கவிந்து, பக்கங்களில் ஐந்து சென்ரிமீற்றர் அளவு தொங்குமாறு செய்யப்படும். மேலே தகரம் அடிக்கப்படும். இரண்டு மூடிகளுக்கும் இடையே குளிர்காலத்தில் வெப்பம் காக்கும் தடித்த அட்டையையோ, துணி அடித்தட்டிலே மரச்சீவல் நிரப்பிய தாழ்ந்த பெட்டியையோ வைப்பர். மரச்சீவல் ஈரத்தை உறிஞ்சும். மூடியின் அடிப்புறமும் குளிராது. மழைநீரும் உள்நீரும் வடிந்தோடுமாறு பெட்டியை முன்பக்கமாகச் சற்றே சரித்து வைப்பர். எலி புகாதவாறு கீழ்வாயிலைச் சிறிதாக்குவர். வெண்பனி கீழ்வாயிலை மறைத்தாலும், மேல்வாயில் வழியாகத் தேனீக்கள் இளவெயில் நாளிலே வெளியே பறந்து கழிவகற்றித் திரும்பும்.

மேல்வாயில் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதிலே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மிகப் பெரிதாயின் வெப்பம் வீணாகும். மூடியை நன்கு வெப்பங்காத்தால், ஈரம் மூடியிற் படியாமற் பக்கச் சுவர்களிற் படிந்து தேனீக்களுக்குக் குடிநீராகவும் பயன்படும் என்போரும் உளர். எவ்வாறாயினும் திரளுக்கு மேலே உள்ள கூரை குளிர்ந்திருத்தலாகாது என்பதில் இருசாராரும் ஒன்றுபடுகின்றனர்.

இழப்புகளும் இருளும்

இத்தனை நுட்பமான வீட்டை அமைத்த மனிதருக்குச் சொந்த வாழ்வு இனிதாக அமையவில்லை. காப்புரிமை பெற்றிருந்தும், பலர் அவரது பெட்டியைச் சிறு மாற்றங்களோடு செய்து விற்றனர். வழக்குகளில் அவர் தம் கைப்பொருளை இழந்தார். 1858இல் ஒஹாயோ மாநிலத்தின் ஒக்ஸ்போட் என்னும் ஊரிலே குடியேறி, தேனீக்களுக்கேற்ற மரங்களையும் செடிகளையும் நட்டு, தம் மகன் ஜேம்சுடன் சேர்ந்து தொழில் செய்தார். இத்தாலிய இராணித் தேனீக்களை வளர்த்துப் பல இடங்களுக்கும் அனுப்பினார். 1870இல் மகன் இறந்தார். 1873இல் மனைவி அன்னாவும் மறைந்தார். 1874இல் அவர் தம் தேனீக்களை விற்றுவிட்டார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக அவரது நோய் இருந்தது. மாதக்கணக்காக, சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேலாக, அவர் எவரோடும் பேசாது ஒடுங்கியிருப்பார். தாம் உயிராக நேசித்த தேனீக்களின் இரைச்சலும் அக்காலத்திலே அவருக்குத் தாங்கவியலாத வேதனையாகும். ஆங்கிலத்திலே தேனீயைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தைக் காண்பதுகூடத் துன்பமாகி, தேனீ நூல்களைக் கண்ணிற் படாமல் மறைத்து வைக்க வேண்டியிருந்தது. சதுரங்கக் கணக்குகளில் மனத்தைச் செலுத்தி அந்நாள்களைக் கழித்தார். இருள் விலகியதும் மீண்டும் வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதுவார்.

கவனிக்கத்தக்க செய்தி யாதெனில், அவர் இந்நோயை ஒளிக்கவில்லை. தமது வாழ்க்கைக் குறிப்புகளிலே வெளிப்படையாக எழுதினார். தேனீ வளர்ப்போர் அவரைக் கைவிடவுமில்லை. இதழாசிரியர்கள் அவரது கடிதங்களுக்குக் காத்திருந்தனர். தம் நூலைத் திருத்தும் ஆற்றல் குறைந்தபோது, பிரான்சிலே பிறந்து இல்லினோய் மாநிலத்திற் குடியேறிய சாள்ஸ் டாடன்ற் என்பவரிடமும் அவர் மகனிடமும் அப்பணியை ஒப்படைத்தார். அவர்கள் 1889இல் திருத்திய பதிப்பை வெளியிட்டு அந்நூலுக்கு மறுவாழ்வு தந்தனர்.

ரொறன்ரோவுக்கு வந்த முதியவர்

1895ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்திலே வட அமெரிக்கத் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் மாநாடு நமது ரொறன்ரோவில் நடைபெற்றது. அக்காலத்திலேயே ஒன்ராறியோ தேனுக்குப் பெயர் பெற்றிருந்தது. ரொறன்ரோவுக்கு வடமேற்கே உள்ள பீற்றன் என்னும் ஊர், டி. ஏ. ஜோன்ஸ் என்பாரின் தேனீத் தொழிலாலேயே அப்பெயரைப் பெற்றது. அம்மாநாட்டுக்கு எண்பத்து நான்கு வயது முதியவராகிய லாங்ஸ்ரொத் வந்திருந்தார். அங்கு கூடியிருந்தோர் அவரது பெட்டியினாலே வாழ்வு பெற்றவர்கள்.

அடுத்த மாதம், ஐப்பசி 6ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, டேய்ற்றன் நகரத் தேவாலயம் ஒன்றிலே பேசத் தொடங்கிய வேளையில் அவரது உயிர் பிரிந்தது. காப்புரிமை பெற்ற நாளிலிருந்து நாற்பத்து மூன்று ஆண்டுகளும் ஒரு நாளும் கழிந்திருந்தன. டேய்ற்றனிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஒக்ஸ்போட்டில் அவர் வாழ்ந்த இல்லம் அமெரிக்க நாட்டின் வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகின்றது.

தமிழ்நாட்டுக்கு வந்த பெட்டி

லாங்ஸ்ரொத்தின் பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு அளவெடுத்துச் செய்தது. நம் நாட்டு அடுக்குத் தேனீ உடலிற் சிறியது, கூட்டத்திலும் சிறியது. எனவே அதற்கு வேறு அளவு வேண்டியிருந்தது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிலே பணிபுரிந்த அருட்தந்தை நியூற்றன், அசையும் சட்டத்தின் தத்துவத்தைக் கொண்டே சிறிய பெட்டி ஒன்றை வகுத்து, 1911 முதல் 1917 வரை ஊர் மக்களுக்கு அதிற் பயிற்சியும் அளித்தார். நியூற்றன் பெட்டி என்னும் பெயரோடு அது தென்னிந்தியா எங்கும் பரவியது. இன்று தேனுக்குப் பெயர்பெற்ற மார்த்தாண்டம் பகுதியிலும் தேனீ வளர்ப்புச் சட்டப் பெட்டிகளைக் கொண்டே வளர்ந்தது. அங்கே வெண்பனி இல்லை. வெயிலும் மழையும் எறும்புமே பகை. எனவே பெட்டியை நிழலில் வைத்து, தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துவர். இடம் மாறும்போது அளவும் மாற வேண்டும், அடிப்படை விதி மாறுவதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

நாம் கற்க வேண்டியது

இவ்வரலாற்றை நமது மலரிலே எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. தாயகத்திலே ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் கமக்காரராகவும் வாழ்ந்து, எல்லாவற்றையும் இழந்து இங்கு வந்து, இரவுப் பணிகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்து, நிலக்கீழ் அறைகளிலே குளிர்காலத்தைக் கழித்தோர் நம்மிடையே பலர். அவர்களுட் சிலர் திடீரெனப் பேச்சைக் குறைப்பதையும், விழாக்களுக்கு வராமல் ஒதுங்குவதையும், பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு வாகனத்திலேயே அமர்ந்திருப்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். வீட்டாரும் வெளியே தெரியாமல் மூடி வைக்கின்றனர். மானம் போகும் என்று அஞ்சுகின்றனர். அன்பினாலேயே அவ்வாறு செய்கின்றனர் என்பதையும் நாம் அறிவோம்.

ஆனால் இறுக மூடிய பெட்டியில் நேர்வது யாதென்று மேலே கண்டோம். மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவம் உண்டு. லாங்ஸ்ரொத்தின் காலத்தில் அது இருக்கவில்லை. நம் காலத்தில் இருக்கின்றது. குடும்ப மருத்துவரிடம் ஒரு சொல், நம்பத்தக்க நண்பரிடம் ஒரு சொல், இவ்வளவே முதலிற் போதும். அருகில் இருப்போரும் அவர் வாய் திறக்கும்வரை காத்திராது, வாரம் ஒருமுறையேனும் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். டாடன்ற் குடும்பத்தார் தளர்ந்த ஆசானின் நூலைத் தம் நூலாகப் பாராட்டியதுபோல, தளர்ந்தவரின் பணியை அவருக்காகச் சிறிது காலம் சுமக்கலாம்.

பெற்றார்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைத் தமிழோடும் பண்பாட்டோடும் வளர்க்க விரும்பி அவர்களைச் சூழ ஒரு வீட்டை நாம் கட்டுகின்றோம். அது வேண்டியதே, கூரையில்லாமல் இக்குளிரைத் தாங்கவியலாது. எனினும் அவர்கள் கேள்வி கேட்கவும், தம் நாளைப் பற்றித் தமக்கு எளிதான மொழியிற் சொல்லவும், சில வேளை நம்மோடு மாறுபடவும் சிறிது இடம் விடுவோம். எவ்வளவு என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தம் பிள்ளையைக் கவனித்தே அறிதல் வேண்டும். லாங்ஸ்ரொத்தும் தேனீக்களைக் கவனித்தே தம் அளவை அறிந்தார்.

மாணவச் செல்வங்களே! எறும்பைப் பார்த்து முழங்கால் தேய்த்த சிறுவனே பிற்காலத்தில் உலகின் தேனீ வளர்ப்பை மாற்றினான் என்பதை மறவாதீர்கள். உங்கள் கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் ஒன்றை வரும் கோடையிலே பொறுமையோடு பாருங்கள். பார்த்ததைத் தமிழிலே ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவாருங்கள். வாசித்துத் திருத்தித் தர நாம் காத்திருக்கின்றோம்.